செம்பு பூசிய கம்பி

ஸர்கா நகரின் கிழக்கே, வண்டிப் பட்டறைகள் வரிசையாக நிற்கும் தெருவில், ஹாயிலின் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வண்டியில் பெரிய ஸ்பீக்கர் ஏற்ற விரும்புவோர் "பட்டாளத்துக்காரர் கடை எது?" என்று கேட்டுக்கொண்டே வந்து சேர்வர். இருபது ஆண்டுகள் படையின் வயர்லெஸ் வண்டிகளுக்கு மின்கம்பி இழுத்தவர் அவர். ஓய்வு பெற்றபின் அதே கண்டிப்போடு கல்யாண ஊர்வல வண்டிகளுக்கு ஆம்ப்ளிஃபயர் பொருத்தத் தொடங்கினார். மூத்த மகன் கைஸின் பெயரால் ஊரார் அவரை அபூ கைஸ் என்று அழைத்தனர்.

பேட்டரியிலிருந்து புறப்படும் கம்பி கட்டைவிரல் பருமன் இருக்க வேண்டும் என்பார். புறப்பட்ட ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் அமர வேண்டும். எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள தகட்டைக் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் கம்பியை நுழைக்க மாட்டார். மின்சாரக் கம்பி இடப்புறம் சென்றால் பாட்டுக் கம்பி வலப்புறம் செல்லும். இல்லையேல் எஞ்சினின் முனகல் பாட்டில் ஏறிவிடும். எல்லாவற்றிலும் மேலாக அவர் கவலைப்பட்டது எர்த் கம்பிக்காக. அது முழங்கை நீளத்துக்கு மேல் போகக் கூடாது. அதைப் பூட்டும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, தகடு முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்த பிறகே போல்ட்டை முடுக்குவார். பின்னர் கிரீஸ் தடவி மூடுவார்.

"போற வழி அகலம், திரும்புற வழி குறுகல்னா கரண்டு எங்கடா போகும்? உன் சீட்டுக்கு அடியில உக்காந்து அடுப்பு மூட்டும்" என்று, அவசரப்படுத்தும் இளைஞர்களை அடக்குவார்.

எட்டு ஆண்டுகளில் அவர் கம்பி இழுத்த வண்டி ஒன்றுகூடப் புகைந்ததில்லை. அந்தப் பெயரை நம்பித்தான் மஃப்ரக்கிலிருந்தும் பாலைவனக் குடியிருப்புகளிலிருந்தும் பிக்கப்புகள் வந்து நின்றன.

பட்டறையில் அவருக்குக் கூட்டாளி, சித்தி மகன் முன்தர். ஆறு வயது இளையவன், பேச்சில் சர்க்கரை. படையைவிட்டு வந்து செய்வதறியாது நின்றபோது இந்த இடத்தைப் பேசி முடித்துக் கொடுத்தவன் அவனே. வேலையை இருவரும் பிரித்துக்கொண்டனர். கம்பி வாங்குவதும், அளந்து வெட்டுவதும், முனைகளில் செம்புக் காதுகளை அழுத்திப் பொருத்திக் கறுப்பு உறையால் மூடுவதும் முன்தரின் வேலை. வண்டிக்குள் படுத்து அதை ஓட்டிப் பூட்டுவது ஹாயிலின் வேலை. ஆகவே கம்பி அவர் கைக்கு வரும்போது இரு முனைகளும் மூடியே இருக்கும். உறையைக் கிழித்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சித்தி வீட்டுக் கம்பியைச் சோதிப்பார் யார்?

கோடையின் தொடக்கத்தில் ஒருமுறை கம்பிச் சுருளைக் கையில் வாங்கியவர் சற்று நின்றார்.

"என்ன முன்தர், இது லேசா இருக்கே?"

"புது மாதிரி, அபூ கைஸ். உள்ள இழை மெல்லிசு. அதான் கயிறு மாதிரி வளையுது. உங்க முதுகுக்கும் நல்லது."

அவர் சிரித்துக்கொண்டே வண்டிக்கு அடியில் புகுந்தார்.

ஆவணி வெயிலில் ஷிப்லி என்ற இளைஞனின் பிக்கப் வந்தது. மறுநாள் அவன் அண்ணனுக்குத் திருமணம். ஊர்வலத்தில் முன்னால் செல்ல வேண்டிய வண்டி. மாலைக்குள் முடித்துக் கொடுத்தாயிற்று. மறுநாள் பிற்பகல், மணமகளை அழைத்துவரும் வழியில், தப்கே ஆட்டத்துக்குரிய பாட்டு முழு ஓசையில் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே இருக்கைக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. ஷிப்லி குதித்துத் தப்பினான். எனினும் வலக்கை முழங்கை வரை வெந்துபோயிற்று. மணமகளின் வண்டி சாலையோரத்தில் காத்திருக்க, ஊர்வலம் தண்ணீர் வாளிகளோடு ஓடியது.

செய்தி பட்டறைத் தெருவுக்கு மணமக்களுக்கு முன்பாகவே வந்து சேர்ந்தது. எதிர்க்கடையில் இருக்கைக்கு உறை தைக்கும் அபூ நிம்ர் சும்மா இருப்பாரா?

"பட்டாளத்துக்காரரே, என் வண்டிக்கும் ஒரு ஸ்பீக்கர் போடணும். வாளி கடையில குடுப்பீங்களா, நானே கொண்டு வரணுமா?"

 எர்த் போல்ட்டை முடுக்கினோமா என்பதை மட்டுமே ஹாயிலின் மனம் திரும்பத் திரும்பத் தேடியது. சுரண்டியது நினைவிருந்தது, கிரீஸ் தடவியதும் நினைவிருந்தது. முடுக்கியது மட்டும் தெளிவாக நினைவில் வரவில்லை. ஓராயிரம் போல்ட்டுகளை முடுக்கிய கைக்கு ஒரு போல்ட்டைத் தனியாக நினைவில் வைக்கத் தெரியாது.

"வண்டியை ஒரு தடவை பாத்துடறேன்" என்றார்.

"பாக்கறதா?" முன்தர் பதறினான். "அபூ கைஸ், பையன் கை வெந்து கிடக்கான். மன்னிப்புக் கேக்கப் போறவங்க, முதல்ல சாட்சி காட்டுன்னு நிப்பாங்களா? கேவலமாப் போயிடும். போல்ட்டு லூசாகி இருக்கும், வேற என்ன? ஒத்துக்குவோம். அவங்கப்பா தல்லால் ஹாஜி பெரிய மனுஷன், மன்னிச்சிடுவார்."

அவன் சொன்னதில் முறை இருந்தது. ஷிப்லியின் தந்தை தல்லால் ஹாஜியிடம் மூன்றாம் நாள், பெரியவர்களை முன்னிறுத்தி மன்னிப்புக் கேட்கும் ஜாஹா போவதென முடிவாயிற்று. இரு குடும்பங்களுக்கும் வேண்டிய முப்பது பெரியவர்கள் முன்செல்ல, ஹாயிலும் முன்தரும் பின்னே சென்றனர். கூடாரத்தில் வரிசையாக அமர்ந்ததும், தலைமைப் பெரியவரின் முன் காப்பிக் கிண்ணம் வைக்கப்பட்டது. அவர் அதைத் தொடவில்லை. வந்த காரியம் நிறைவேறும் வரை அந்தக் கிண்ணம் அப்படியே இருக்கும்.

ஹாயில் எழுந்து நின்றார்.

"தல்லால் ஹாஜி, வண்டியில கம்பி போட்டது நான். தப்பு என் கையில நடந்தது. ஷிப்லி என் மகன் மாதிரி. நீங்க என்ன சொன்னாலும் கட்டுப்படறேன்."

 அருகே அமர்ந்திருந்த முன்தர் எழாமலேயே பேசினான்.

"எங்க அபூ கைஸ் கைக்கு நிகர் கிடையாது, ஹாஜி. ஆனா வயசாகுதில்ல. அன்னைக்கு ஒருநாள் கண்ணு அசந்துட்டார்."

தலைகள் இரக்கத்தோடு அசைந்தன. ஹாயிலின் காது சிவந்தது. எனினும் தம்பி தமக்காகப் பரிந்து பேசுகிறான் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

தல்லால் ஹாஜி தலைமைப் பெரியவர் பக்கம் திரும்பினார். பிறகு, "காப்பியைக் குடிங்க. நீங்க கேட்டு வந்தது கிடைச்சாச்சு. இனிமே இதை யாரும் என் வீட்டுல பேசக் கூடாது" என்றார். பெரியவர் குடித்தார். அனைவரும் குடித்தனர். வழக்கு அங்கேயே முடிந்தது. இனி அதைக் கிளறுபவன் அந்த முப்பது பேரின் முகத்திலும் கரி பூசியவன் ஆவான்.

வண்டியைப் பழுது பார்த்துத் தருவதாக ஹாயில் வாக்களித்திருந்தார். மறுநாள் அது பட்டறைக்கு இழுத்து வரப்பட்டது. முன்தர் வரவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பினான். ஹாயில் முதலில் கருகிய தரைவிரிப்பை நீக்கி எர்த் போல்ட்டைத் தேடினார். கிரீஸ் உருகி வழிந்திருந்தது. ஸ்பேனரை வைத்துத் தம் எடை முழுவதும் கொடுத்து மேலும் முடுக்கியும் போல்ட் அசையவில்லை. கழற்றிப் பார்த்தார், தகடு, அவர் சுரண்டியபடியே, பளபளவென்றிருந்தது.

அவருக்கு மூச்சு சீரானது. உடனே அடுத்த கேள்வி எழுந்தது: அப்படியானால் தீ எங்கிருந்து வந்தது?

பேட்டரி அருகே ஃபியூஸ் எரியாமல் முழுதாக இருந்தது. செம்புக் கம்பி தாங்கும் அளவுக்கு ஏற்ற ஃபியூஸ் அது. அங்கிருந்து கம்பியைத் தடவிக்கொண்டே வந்தார். இருக்கைக்கு அடியில், வெந்த உறைக்குள்ளிருந்து சாம்பல் நிறத் துளிகள் உருகி ஒழுகிக் கிடந்தன. செம்பு அப்படி ஒழுகாது. கத்தியை எடுத்து, வேகாத பகுதியில் உறையைக் கீறி, ஓர் இழையைச் சுரண்டினார். சிவப்பு ஒரே இழுப்பில் உதிர்ந்தது. உள்ளே வெள்ளை: அலுமினியம். மேலே மட்டும் செம்பு பூச்சு. உறை மட்டுமே கட்டைவிரல் பருமன். உள்ளிருந்த கம்பி சுண்டுவிரல்கூட இல்லை. அத்தனை சுமை ஏறியபோது, ஃபியூஸ் அறுவதற்கு முன்பே கம்பி அடுப்பாகியிருக்கிறது.

இழையை வெட்டி எடுத்துக்கொண்டு, கத்தியும் கையுமாக அவர் முன்தரின் வீட்டுக்கே சென்றார். முன்தர் வாசலில் தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தான். ஹாயில் அந்த இழையை அவன் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"எப்பலேருந்து?"

முன்தர் இழையைப் பார்த்தான், மறுக்கவில்லை. "மே மாசத்துலேருந்து. எல்லாரும் இதைத்தான் போடறாங்க, அபூ கைஸ். ஒண்ணும் ஆகல."

"எத்தனை வண்டி?"

"பதினொண்ணு. ஷிப்லியோட சேத்து."

"தீப்பிடிச்ச அன்னைக்கே உனக்குத் தெரியும்."

"சந்தேகம்தான்."

"சந்தேகம்தான்னு வெச்சுக்க. மூணு நாள் இருந்துச்சே, முன்தர். பாக்கறேன்னேன், கேவலம்னு தடுத்த. சபையில எனக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்த. சும்மா இருந்திருக்கலாம். அதுவும் இருக்கல. கண்ணு அசந்துட்டார்னு சொன்ன."

முன்தர் கையைத் துடைத்துக்கொண்டான். "உங்களைன்னா மன்னிப்பாங்க. என்னைன்னா மன்னிப்பாங்களா? நீங்களே சொல்லுங்க. இப்ப என்ன பண்ணப் போறீங்க? காப்பி குடிச்சாச்சு. தல்லால் வீட்டுல போய்ச் சொல்வீங்களா?"

சொல்ல முடியாது என்பதை இருவரும் அறிவர். அதை அவன் முன்பே எண்ணிப் பார்த்து வைத்திருக்கிறான் என்பது ஹாயிலுக்கு அந்த வாசலில்தான் விளங்கியது. அலுமினியத்தைக்கூட அவர் பொறுத்திருப்பார். இதை அவரால் பொறுக்க முடியவில்லை.

எஞ்சிய பத்து வண்டிக்காரர்களையும் அவர் தாமே அழைத்தார். "என் வேலையில ஒரு தப்பு இருக்கு. பாட்டைப் போடாம வண்டியைக் கொண்டு வாங்க. மாத்தித் தர்றேன்." வேறு எதுவும் சொல்லவில்லை. வந்தவர்கள் நல்லவர்களாகவே நடந்துகொண்டனர். "விடுங்க அபூ கைஸ், வயசானா யாருக்கும் வர்றதுதான்" என்று ஒருவர் தோளைத் தட்டினார். கனமான புதுக் கம்பியைத் தாமே வெட்டி, காதுகளைத் தாமே அழுத்தி, ஒவ்வொரு வண்டியாக அவர் மீண்டும் இழுத்தார். ஒவ்வொரு வண்டியும் அவர் தவற்றுக்குச் சாட்சியாகத் தெருவைவிட்டு வெளியேறியது. அபூ நிம்ர் மட்டும், கழற்றிப் போட்ட கம்பிக் குவியலை ஒருநாள் காலால் புரட்டிப் பார்த்தார். அதன்பின் வாளி பற்றிப் பேசவில்லை.

ஆறு வண்டிகள் முடிந்திருந்த வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பிறகு முன்தர் ஹாயிலின் வீட்டுக்கு வந்தான். வந்தவனுக்குக் காப்பி தராமல் இருக்க முடியாது. கைஸ் கொண்டுவந்து வைத்தான். முன்தர் கிண்ணத்தை எடுத்து, குடிக்காமல், கம்பளத்தின் மேல் தன் முன்னே வைத்தான்.

"எனக்கு வேண்டியது உங்களுக்குத் தெரியும்" என்றான்.

ஹாயில் எதிரே அமர்ந்திருந்தார். "குடி" என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்வதற்கு அவர் முயலவில்லை என்றும் சொல்ல முடியாது. வாய் ஒருமுறை திறந்தது. ஆனால் கூடாரத்தில் அசைந்த தலைகள் நினைவுக்கு வந்தன. காப்பியிலிருந்து எழுந்த ஆவி குறைந்து, நின்றுபோயிற்று.

"அபூ கைஸ், ஆறிப்போச்சு."



முன்தர் சுற்றுமுற்றும் பார்த்தான். அறையில் வேறு யாரும் இல்லை. கிண்ணத்தைத் தானே எடுத்தான். ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கீழே வைத்தான்.

"சரி. குடிச்சாச்சு. இனிமே பழசைப் பேச வேணாம்" என்று சிரித்தபடி எழுந்தான்.

வாசல் கதவுவரை அவன் செருப்போசை கேட்டது. விருந்தாளியைத் தெருமுனை வரை கொண்டுபோய் விடாமல் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. அன்று அமர்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சிறிது நேரம் கழித்து வெற்றுக் கிண்ணத்தை எடுக்க வந்த கைஸ், சித்தப்பா போய்விட்டாரா என்று கேட்டான்.

"போயிட்டான்" என்றார் ஹாயில். "நாளைக்கு ஏழாவது வண்டி வருது. பட்டறைச் சாவி ரெண்டுல ஒண்ணு அவன்கிட்ட இருக்கு. காலையில பூட்டை மாத்தணும்."