இடது பக்கம் சத்தம் குறைவு

2006-ஆம் வருஷ மழைக்காலம். அப்போது நாங்கள் ஹைதராபாத்தில், காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் மனைவி அங்கே ஒரு பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் எலக்ட்ரானிக்ஸ் என்ஜினீயர். நான் அமீர்பேட்டில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே பெண், ரெண்டாம் கிளாஸ். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்லுவாள்.

அந்த வருஷம்தான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தோம். ஓட்டுவது மனைவிதான். எனக்கு லைசென்ஸ் உண்டு, தைரியம் போதாது. அந்தக் காரை அவள் விடாப்பிடியாக வாங்கியதற்குக் காரணமே அதில் பாட்டு அவ்வளவு நன்றாகக் கேட்கும் என்பதுதான். தயாரிக்கும்போதே ஆம்ப்ளிஃபயர் வைத்து வந்த வண்டி. டிக்கியில், கார்ப்பெட்டுக்குப் பின்னால், டிபன் பாக்ஸ் மாதிரி ஒளிந்திருக்கும். ஆபீஸிலிருந்து வந்ததும் உடனே இறங்க மாட்டாள். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு முடிந்த பிறகுதான் வீட்டுக்குள் வருவாள்.

நல்ல மழை பெய்த ஒரு வாரத்தில் திடீரென்று பாட்டு நின்றுபோனது. ஸ்டீரியோவில் விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவளே மீட்டரை எடுத்துக்கொண்டு டிக்கிக்குள் தலையை விட்டாள். ஃப்யூஸ் நன்றாக இருந்தது. ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் வந்தது. ஸ்டீரியோவிலிருந்து பாட்டும் அது வரைக்கும் வந்தது. அதைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. கழற்றித் திறந்தால், தண்ணீர் இறங்கி உள்ளே பச்சை பூத்துக் கிடந்தது.

ராணிகஞ்சில் ஒரு பார்ட்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்கள் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நயா நக்கோ மேடம்" என்றார். புதுசு வேண்டாம், அது வேறு மாதிரி, வைத்தால் ஒயரையெல்லாம் வெட்ட வேண்டிவரும் என்று சொல்லி, இன்னொரு காரிலிருந்து எடுத்த அதே நம்பர் பெட்டியைத் தேடிக் கொடுத்தார். அன்று மத்தியானமே அதை மாட்டிவிட்டாள். பாட்டு வந்தது. குழந்தை பின் சீட்டில் ஏறிக் குதித்தாள்.

என் மனைவிக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

"இடது பக்கம் சத்தம் கம்மியா இருக்குல்ல?"

எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. "உங்களுக்கு எது வந்தாலும் பாட்டுதான்" என்று சிரித்தாள். ஓட்டுகிற சீட்டிலிருந்து இடது ஸ்பீக்கர் தள்ளி இருப்பதால்தானோ என்று பக்கத்து சீட்டில் மாறி உட்கார்ந்தாள். அப்போதும் இடது பக்கம்தான் கம்மி.

அடுத்த ஞாயிறு அவள் திரும்பவும் வேலையை ஆரம்பித்தாள். எதில் கோளாறு என்று தெரியாவிட்டால் இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பாள். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் இடது ஒயரை வலதிலும், வலது ஒயரை இடதிலும் போட்டாள். பெட்டியில் குறை என்றால் இப்போது வலது பக்கம் அல்லவா குறைய வேண்டும்? இல்லை, இடதுதான் குறைந்தது. கதவுகளைப் பிரித்து ஸ்பீக்கர்களை மாற்றிப் பொருத்தினாள். அப்போதும் இடதுதான்.

"நீ சொல்லுடா கண்ணு, எந்தப் பக்கம் கம்மி?" என்று குழந்தையைக் கேட்டாள்.

"ரெண்டூ ஒக்கேலா உன்னாயி அம்மா." ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்றாள்.

மனைவி பின் சீட்டில் ஏறி, பின் கண்ணாடியைப் பார்த்து முட்டி போட்டு உட்கார்ந்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு காதைப் பொத்தினாள், எடுத்தாள், இன்னொன்றைப் பொத்தினாள். இறங்கி வந்து ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து டப்பாவில் வைத்தாள்.

"திரும்பி உக்காந்தா வலது கதவுப் பக்கம் கம்மியா இருக்கு. கார்ல ஒண்ணும் இல்லீங்க. என் காதுலதான்."

வீட்டில் சளி பிடித்தால் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். போனைக்கூடக் கொஞ்ச மாதங்களாக வலது காதில்தான் வைத்துப் பேசிக்கொண்டிருந்ததாகவும், ஏன் என்று யோசிக்கவில்லை என்றும் சொன்னாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் கட்டி. புற்றுநோய் இல்லை என்று டாக்டர் சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அது மூளையை அழுத்த ஆரம்பித்துவிட்டது, எடுத்தே ஆக வேண்டும், எடுத்தால் அந்தக் காது போய்விடும் என்றார். மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கொஞ்சமாவது மிஞ்சுமா டாக்டர்?" அவர் இல்லை என்று தலையசைத்தார்.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் என்னைக் கார் ஓட்டச் சொன்னாள். பயந்து பயந்து குவார்ட்டர்ஸ் ரோட்டிலேயே சுற்றினேன். வீணை இசை ஒன்றைப் போட்டு, சத்தம் முழுவதையும் இடது பக்கத்துக்குத் திருப்பி வைத்தாள். வலது காதைக் கையால் அழுத்திப் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சமே கேட்டுக்கொண்டிருந்த அந்த இடது காதுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. அவளிடம் நான் விசாரிக்கவில்லை. கன்னத்தில் வழிந்ததை அவளும் துடைக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். உயிர் பிழைத்தாள். காது போனது. பக்கத்திலிருந்த முக நரம்பும் அடிபட்டதில் முகத்தின் இடது பாதி இறங்கிவிட்டது, அந்தக் கண்ணை முழுசாக மூட முடியவில்லை. நீண்ட லீவுக்குப் பிறகு வேலைக்குப் போனாள். யாராவது போட்டோ எடுக்க வந்தால் மட்டும் நகர்ந்துவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். மனைவி படுத்திருக்க, குழந்தை பக்கத்தில் படுத்து ஏதோ பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து என்னிடம் வந்தாள். உதடு பிதுங்கியிருந்தது. என்னிடம் அவள் தமிழில் பேசுவதே அபூர்வம்.

"அம்மாவுக்கு என் மேல கோவமாப்பா? எவ்ளோ நேரமா பேசறேன், திரும்பவே இல்ல."

இடது பக்கம் படுத்துப் பேசியிருக்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய் மனைவியின் வலது பக்கம் படுக்க வைத்து, நடந்ததைச் சொன்னேன். அதுவரை, ஆஸ்பத்திரியில்கூட, சத்தம் போட்டு அழாத என் மனைவி, குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அன்றைக்குத்தான் அழுதாள். "முதல்லேருந்து சொல்லுடா" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். குழந்தை கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு, நான் பேசியும் ஒருவர் பதில் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சட்டென்று கோபம் வருவதில்லை. அவருக்கு எந்தப் பக்கம் கேட்காமல் போயிற்றோ என்று நினைத்து, மறுபக்கமாகப் போய் இன்னொரு தரம் கூப்பிடுகிறேன்.