கையில் வாங்காதவர்

அந்த சூப்பர் மார்க்கெட்டின் மூன்றாம் கவுன்ட்டரில் அவள் உட்கார ஆரம்பித்துப் பதினோரு ஆண்டும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. மொத்தம் ஐந்து கவுன்ட்டர்கள். மற்ற நால்வரும் மாறி மாறி உட்கார்வார்கள். அவள் மட்டும் இடம் மாறியதில்லை. அதனால் கடையில் எல்லோருக்கும் அவள் 'மூணாம் நம்பர்'. லிஃப்ட் மெக்கானிக்கான கணவன்கூடச் சில நாள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "மூணாம் நம்பர், சாப்பாடு ரெடியா?" என்பான். "லிஃப்ட் ரிப்பேர். நீயே வந்து போட்டுக்கோ" என்பாள்.

ஒரு ஷிஃப்டில் நூற்றைம்பது முதல் நூற்றெழுபது பில் வரை கிழிப்பாள். இடது கை சாமானைப் பையில் தள்ளும்போதே வலது கை பில்லைச் சுண்டி இழுத்துவிடும். இரண்டு கையும் வேலையாக இருந்தால் பில்லை உதட்டில் கவ்விக்கொள்வாள். அந்த வேகத்துக்காகவே அவள் வரிசையில் ஆள் சேரும்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு வாடிக்கையாளரைக் கண்டால் ஆகாது. செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறேகாலுக்கு வருவார். நாற்பது வயதிருக்கும், கட்டம் போட்ட சட்டை, எப்போதும் துணிப்பை. பில்லை நீட்டினால் வாங்கமாட்டார். "பைக்குள்ள போட்டுடுங்க" என்பார். ஏழு மாதமாக இதே பாட்டு. கூட வேலை செய்யும் தோழி அவருக்கு 'பைக்குள்ள' என்று பெயரே வைத்துவிட்டாள்.

"ஏய், உன் பைக்குள்ள வந்துட்டாருடி."

"வரட்டும். கை நீட்டி வாங்கினா என்ன, தேய்ஞ்சா போயிடுவாரு? என் கையில என்ன சொறியா இருக்கு?"

"பெரிய இடத்துப் பிள்ளையா இருக்கும். அவங்க வீட்டுல பில்லை வெள்ளித் தட்டுல வச்சுத் தருவாங்களோ என்னமோ."

தோழி சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கையை ஒருவர் தொட மறுக்கிறார் என்பது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் மருந்துக்கடையில் பெரிய சானிடைசர் பாட்டில் ஒன்றை வாங்கி, கவுன்ட்டரில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் இரண்டு சொட்டு. அவர் வரும்போது மட்டும் நாலு சொட்டு. முழங்கை வரை தேய்த்து, ஈரம் காயாத கையோடு பில்லைக் கிழித்து நீட்டுவாள். அப்போதும் அவர், "பைக்குள்ள…"

அப்போது அவள் கர்ப்பமாகி இருபதாவது வாரம். இதற்கு முன் இரண்டு முறை நிற்காமல் போயிருந்தது. ஒன்று ஒன்பதாம் வாரத்தில், இன்னொன்று பதினொன்றாம் வாரத்தில். இந்த முறை சமையலறைக் காலண்டரில் கணவன் பென்சிலால் ஒவ்வொரு வாரத்தையும் அடித்துக்கொண்டு வந்தான். இருவரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொள்வதில்லை. இந்தக் குழந்தை தங்க வேண்டும். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய கவலை எதுவும் இல்லை.

பாட்டில் வந்த பத்தொன்பதாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை. அவள் நாலு சொட்டை விட்டுத் தேய்த்தாள். அவர் பையை வைத்துவிட்டுச் சட்டென்று சொன்னார்:

"தயவுசெஞ்சு அதைப் போட்டுக்கிட்டு மட்டும் இந்தக் காகிதத்தைத் தொடாதீங்க."

அவ்வளவுதான். ஏழு மாதத்துக் கோபமும் பொங்கிவிட்டது.

"என் கையில என்ன சார் அழுக்கைப் பார்த்தீங்க? கழுவியும் குத்தம், கழுவாட்டியும் குத்தமா?"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ! உங்க கைன்னு நினைச்சீங்களா? நான் காகிதத்தைத்தாங்க தொடமாட்டேன்."

அந்தப் பில்லைக் கவுன்ட்டரில் வைக்கச் சொல்லி, பேனா மூடியால் அதில் ஒரு கோடு இழுத்தார். மை இல்லாமலே கோடு கறுப்பாக விழுந்தது.

"இதுல மையே கிடையாது. காகிதத்து மேலயே மருந்து பூசியிருக்கு. சூடு பட்டா கறுக்கும். பிஸ்பீனால்னு ஒரு ரசாயனம் சில ரோல்ல இருக்கும். உடம்புல ஹார்மோன் வேலையைக் குழப்பும்னு பயப்படுறாங்க. சானிடைசர் ஈரத்தோட தொட்டா தோலுக்குள்ள இன்னும் சுலபமா இறங்கும். சாப்பாட்டுப் பொட்டலம், டப்பா எல்லாத்தையும் சோதிக்கிற லேப்லதான் எனக்கு வேலை. இதைச் சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சேன். முன்னப்பின்ன தெரியாத பொம்பளைகிட்ட, அதுவும் மாசமா இருக்கிறவங்ககிட்ட, எப்படிச் சொல்றதுன்னு…"

அவள் ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். "அப்போ முன்னாடி ரெண்டு…" என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். அவருக்குப் புரிந்தது.

"அப்படி யாராலயும் சொல்ல முடியாதும்மா. நானும் சொல்லமாட்டேன். இந்த ரோல்ல அது இருக்கான்னுகூடத் தெரியாது. தெரியற வரைக்கும் தள்ளி இருப்போம், அவ்வளவுதான்."

மறுநாள் மருத்துவரும் அதையேதான் சொன்னார்: முன்பு நடந்ததற்கு இதுதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, தொடுவதைக் குறைத்தால் நல்லது. வெளியே வந்ததும் அவள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். பயத்தில் பாதி, தன் மேல் குற்றமில்லை என்று ஒருவர் வாயால் கேட்டதில் பாதி. கணவன் வீட்டுக்குப் போய்ப் பிளாஸ்டிக் டப்பாக்களை எல்லாம் மூட்டை கட்டி எறிந்தான். அதில் ஒன்றில் அவன் சட்டைப் பொத்தான்கள் இருந்தன. மூன்று நாள் ஊக்கு குத்திக்கொண்டு வேலைக்குப் போனான்.

லேப்காரர் கடை ரோல் ஒன்றை எடுத்துப்போய்ப் பதினொரு நாளில் முடிவோடு வந்தார். அந்த ரசாயனம் அதில் இருந்தது. மேனேஜர் முதலில் முறைத்தார்.

"பில் இல்லாம கடை நடத்தச் சொல்றீங்களா?"

"வேண்டாம் சார். பிரிண்டரைத் திருப்பி வச்சுடலாம்" என்றாள் அவள். "பில் வர்ற வாய் வாங்க வர்றவங்க பக்கம் இருக்கட்டும். வேணும்னா அவங்களே கிழிச்சுக்கட்டும். ஆளுக்கு ஒண்ணுதானே. வேண்டாதவங்களுக்குப் போன்ல அனுப்பிடலாம்."

மேனேஜர் தாடையைச் சொறிந்தார். "பதினோரு வருஷமா அது என் மண்டையில உதிக்கலையே" என்று முணுமுணுத்தபடி அவரே ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து ஐந்து பிரிண்டரையும் திருப்பினார். அடுத்த முறை ரோல் வாங்கும்போது மருந்துப் பூச்சில் பிஸ்பீனால் வகை எதுவும் இல்லாததாகக் கேட்டு வாங்கினார். அதுவரை ரோல் மாற்றும் வேலையைத் தோழி கையுறை மாட்டிக்கொண்டு செய்தாள். "ஆபரேஷன் ஆரம்பம், எல்லாரும் வெளிய நில்லுங்க" என்று தினமும் ஒரு கூப்பாடு.

காலண்டரில் முப்பத்தொன்பதாவது வாரத்தை அடித்த மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்குப் பெண் பிறந்தாள். எடை இரண்டு கிலோ தொள்ளாயிரத்து நாற்பது கிராம். காரணம் எது என்று அவள் யாரிடமும் வாதாடவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியல் மட்டும் அவளிடம் இருந்தது. அதில் திட்டு வாங்கியும் திரும்ப வந்தவர் ஒருவர் முதலில் இருந்தார்.

அறுபத்திரண்டாம் நாள், ஒரு செவ்வாய் மாலை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். ஆறேகாலுக்குத் துணிப்பை உள்ளே நுழைந்தது.

"இந்தாங்க சார்" என்று குழந்தையை நீட்டினாள். "இவளையும் பைக்குள்ளயே போட்டுடவா?"

கடையே சிரித்தது. அவர் இரண்டு கையையும் வேகமாக நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார்.

"இருங்க, இருங்க. பஸ் கம்பியைப் பிடிச்ச கை. கழுவிட்டு வந்துடறேன்."

குழாயடியில் சோப்புப் போட்டு, விரல் விரலாகத் தேய்த்து, சட்டையிலேயே துடைத்துக்கொண்டு வந்து நின்று, கையை நீட்டினார்.