கிணற்றில் ஊறிய பீர்

என் தங்கச்சியின் தலைத் தீபாவளிக்கு பீர் வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அதுவரை எங்கள் வீட்டுக்குள் பீர் நுழைந்ததில்லை. எங்கள் ஊரான பரளச்சிப் பக்கம் குடிக்கிறவர்கள் பிராந்தி குடித்தார்கள். மற்றவர்கள் குடிப்பதில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். பீரைப் பற்றி மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே அபிப்பிராயம்: அது கஞ்சித் தண்ணி.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குத் திருச்சுழி தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலை. மதுரையில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கச்சி, ஆபீஸ் விலாசத்துக்கே இன்லண்டு லெட்டர் போட்டிருந்தாள். "அண்ணே, தீபாவளிக்கு அவுகளோட வாரேன். அவுக பீரு மட்டுந்தான் குடிப்பாக, அதுவும் லைட்டானது. ஸ்ட்ராங்கு ஒத்துக்காது. நீயே வாங்கு. உன் கையாலயே குடு. வேற யாரும் வேண்டாம்." அவ்வளவுதான். அம்மாவை விசாரித்து ஒரு வரிகூட இல்லை.

வேறு யாரும் வேண்டாம் என்று அவள் எழுதியதற்குக் காரணம் இருந்தது. வைகாசியில் கல்யாணம் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டில் கறி விருந்து. புது மாப்பிள்ளையை மச்சினன்மார் கேலி செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். செருப்பை ஒளித்து வைப்பார்கள், காபியில் உப்பைப் போடுவார்கள். அதோடு நின்றிருக்கலாம். மாப்பிள்ளைக்குக் கொடுத்த ஆரஞ்சுக் கலர் சோடாவில் யாரோ பிராந்தியை ஊற்றிவிட்டார்கள். கறி காரம். தாகத்தில் அவர் அதை ஒரே மூச்சில் குடித்தார். கொஞ்ச நேரத்தில், தன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, இலையில் வாந்தி எடுத்தார். அவருடைய அப்பா கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார். மாப்பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டு, "இனிமே இந்த ஊர்ல பச்சத்தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

ஆடிக்கு அழைத்தோம். வரவில்லை. மகளையாவது அனுப்புவார்கள் என்று அம்மா பஸ் வரும் நேரமெல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தாள். அவளும் வரவில்லை. பழி முழுக்க என் சித்தப்பா மகன்கள் மேல் விழுந்தது. எந்தப் பழிக்கும் பொருத்தமானவர்கள் என்பதால் யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

கலந்தது நான்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, மழைத் தூறலில், அருப்புக்கோட்டையில் ஒரு பிராந்திக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐப்பசியில பீரா? இது பிராந்தி சீசனு அண்ணாச்சி. பீரு விக்கிறதெல்லாம் சித்திர வைகாசியோட சரி. இந்த மழையில அதக் குடிச்சா சளிதான் பிடிக்கும்."

"மாப்பிள்ளைக்கு" என்றேன்.

அந்த வார்த்தைக்கு எங்கள் ஊர்க் கடைகளில் தனி மரியாதை உண்டு. குனிந்து அடித்தட்டிலிருந்து தூசி படிந்த பாட்டில்களை எடுத்து வைத்தார். ஒரே கம்பெனி, ஒரே பாட்டில், ஒரே மூடி. பச்சை லேபிள் என்றால் லைட், சிவப்பு லேபிள் என்றால் ஸ்ட்ராங். குடித்துப் பழக்கம் இல்லாததால் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோலப் பொறுக்கினேன். ஒவ்வொன்றையும் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, அடியில் மண்டி இருக்கிறதா என்று பார்த்து, இரண்டைத் தள்ளுபடி செய்தேன். பச்சையில் ஆறு எடுத்தேன். சித்தப்பா மகன்கள் வந்து மாப்பிள்ளையின் பங்கில் கை வைத்துவிடக் கூடாது என்று அவர்களுக்காகச் சிவப்பில் ஆறு எடுத்தேன். இது என் சொந்தப் புத்திசாலித்தனம்.

பஸ்ஸில் சாக்கைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டேன். பாட்டில் சத்தம் கேட்ட கண்டக்டர், "பருத்திக்கு மருந்தா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஊரில் அப்போது ஒரு வீட்டிலும் ஃபிரிட்ஜ் கிடையாது. தோட்டத்துக் கிணற்றில் மழைக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. பன்னிரண்டு பாட்டிலையும் சாக்கோடு கயிற்றில் கட்டி அதில் இறக்கினேன்.

தீபாவளிக்கு முதல் நாள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கேன். மதுரையிலிருந்து தண்ணீர் கொண்டு வந்திருந்தார். அம்மா காபியை நீட்டியபோது மரியாதையாக வேண்டாம் என்றார். மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்தார், புது வேட்டி கட்டினார், இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டார். இலைக்குப் பக்கத்தில் அந்தக் கேன் இருந்தது. அதைப் பார்த்த அம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள். தங்கச்சி எல்லோரிடமும் பேசினாள், என்னோடு மட்டும் பேசவில்லை. பயண அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிவாக்கில் மாப்பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அப்பா எங்களைப் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டார். மாமனார் செய்ய வேண்டியது அதுதான். கையில் சுக்கா வறுவல், இரண்டு டம்ளர். கயிற்றை இழுத்துச் சாக்கைப் பிரித்தேன். பாட்டில்கள் சில்லென்றுதான் இருந்தன. ஒன்றில்கூட லேபிள் இல்லை. பச்சையும் சிவப்பும் ஊறிக் கூழாகிச் சாக்கின் அடியில் கிடந்தன.

ஏதோ ஒன்றை எடுத்து லைட் என்று சொல்லி ஊற்றிவிடலாம். அது ஸ்ட்ராங்காக இருந்தால், அதே வீடு, அதே கை, இரண்டாம் முறை. அதன் பிறகு தங்கச்சி இந்தப் பக்கமே வரமாட்டாள்.

"மாப்பிள்ள, எது லைட்டு, எது ஸ்ட்ராங்குன்னு தெரியல. லேபிள் எல்லாம் போச்சு."

"நீங்க குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க மச்சான்."

"நான் பீரு குடிச்சதே இல்ல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்குக் கலர்ல கலந்தது நாந்தான்" என்றேன். யோக்கியன் என்பதால் சொல்லவில்லை. பயத்தில் வந்துவிட்டது.

"தெரியும்" என்றார்.

"யாரு சொன்னா?"

"உங்க தங்கச்சிதான். நீங்க ஊத்துனத அடுப்படி சன்னல் வழியாப் பாத்திருக்கா. ஆடிக்கு நீங்க அழைச்சப்ப, தண்ணியக் கொண்டுக்கிட்டு நானும் வாரேன், வா போவோம்னேன். அவதான் வரமாட்டேன்னுட்டா. எங்க அண்ணன் அத வாய விட்டுச் சொல்லணும்னா. அதுக்குத்தான் இப்ப உங்க கையாலயே குடுக்கச் சொல்லி லெட்டர் போட்டா."

ஐந்து மாதமாக அவர்தான் அவளை அனுப்பவில்லை என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். அவரைத் திட்டியதில் என் பங்கும் இருந்தது.

அவர் ஒரு பாட்டிலைத் திறந்து டம்ளரில் கொஞ்சம் ஊற்றி உறிஞ்சிப் பார்த்தார். "இது ஸ்ட்ராங்கு" என்று பாட்டிலை என்னிடம் தந்தார். அடுத்தது லைட். அதைத் தனக்கு வைத்துக்கொண்டார். நான் என்னுடையதில் ஒரு வாய் குடித்தேன். நிலவேம்புக் கசாயத்துக்கு எந்த விதத்திலும் குறையவில்லை. சுக்காவைத் தின்று முடித்தோம். கை கழுவ நான் ஒரு வாளி தண்ணீர் இறைத்தேன். அவர் கையைக் கழுவிவிட்டு, குனிந்து, இரண்டு கை அள்ளிக் குடித்தார்.

வீட்டு வாசலில் தங்கச்சி நின்றிருந்தாள். அவரை உள்ளே விட்டுவிட்டு என்னை நிறுத்தினாள்.

"நம்ம கெணத்துத் தண்ணிய அவுக குடிச்சாகளா?"

"குடிச்சாக."

உள்ளே போய், அந்தக் கேனை எடுத்து வந்து, மிச்சத் தண்ணீரை முருங்கை மரத்தடியில் கவிழ்த்தாள்.