கெட்டிலுக்கும் எனக்கும் ஒரே வினிகர்

இந்த ஊரில் சனிக்கிழமை என்றால் கெட்டிலுக்குக் குளியல். ஜெர்மனியின் தென்பக்கத்துச் சிறு ஊர் இது. குழாய்த் தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு. ‘கால்க்’ என்பார்கள். ஒரு வாரம் தேநீருக்குத் தண்ணீர் காய்ச்சினால் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டிவிடும். அதில் வினிகரை ஊற்றிக் கொதிக்கவிட்டு, கொஞ்ச நேரம் ஊறவைத்து, கழுவிக் கவிழ்ப்பார்கள். நான் வந்த முதல் சனிக்கிழமை பிர்கிட் அப்படித்தான் செய்தாள். பிர்கிட்டும் நானும் ஒரே முதியோர் இல்லத்தில் நர்ஸ்கள். ஊழியர் குடியிருப்பில் ஒரே வீட்டில் இருக்கிறோம். கெட்டிலைக் கவிழ்த்துவிட்டு, அதே வினிகர் பாட்டிலோடு அவள் குளியலறைக்குள் போனாள். வெளியே வந்தபோது தலை ஈரமாக இருந்தது. வீடு முழுக்க ஊறுகாய் வாடை.

கேட்டதற்குப் பெருமையாகச் சொன்னாள். ஷாம்புவைத் தொட்டு இரண்டு வருடம் ஆகிறதாம். ‘ரை’ என்ற தானியத்தின் மாவைக் கரைத்துத் தலையில் தேய்ப்பாளாம். இந்த ஊர்க் கறுப்பு ரொட்டி சுடுகிற அதே மாவு. கடைசியில் ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு கரண்டி வினிகர் கலந்து ஊற்றிக்கொள்வாளாம், சுண்ணாம்பு போவதற்கு. நான் திருச்சி புத்தூர்க்காரி. எங்கள் பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கிய ஷாம்பு பாக்கெட்டில் வளர்ந்த தலை என்னுடையது. நன்றாக இருந்த பெண்ணுக்கு என்ன கேடு வந்தது என்று நினைத்துக்கொண்டு தலையாட்டி வைத்தேன்.

ஒரே மாதத்தில் கேடு எனக்கு வந்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. காதுக்குப் பின்னால் தோல் வெடித்தது, உச்சந்தலை எரிந்தது, தலையணை உறையில் இரத்தப் பொட்டு. போனில் அம்மாவிடம் சொன்னேன். “புதுத் தண்ணி, அப்படித்தான் இருக்கும். ஷாம்புவை மாத்திப் பாரு” என்றாள். நான்கு மாற்றினேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து ஷாம்பு ஐந்தாவது. அதில் எரிச்சல் இரண்டு மடங்கானது. இடுப்பைத் தொடும் முடி எனக்கு. என்னிடம் எனக்கே பிடித்த சில விஷயங்களில் அது ஒன்று. அதை வெட்டி எறிந்துவிட்டு நிம்மதியாக இரு என்று சொன்னவர்கள் எல்லோரும் தங்கள் தலையை வைத்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிர்கிட் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, அவளுடைய ரை மாவை எடுத்தேன். தலைக்குக் குளிப்பது என்றால் நமக்கு வெந்நீர்தான், அதில் யோசனை எதற்கு? கெட்டிலில் கொதித்த தண்ணீரை மாவில் ஊற்றிக் கரைத்து, கை பொறுக்கும் சூட்டில் தலையில் அப்பிக்கொண்டேன். மாவை வெந்நீரில் கிளறினால் என்ன ஆகும் என்று தமிழச்சிக்குத் தெரியாதா? தெரியும், அடுப்படியில் தெரியும், குளியலறையில் மறந்துபோகும். தலையில் களி ஆகிவிட்டது. பேன் சீப்பை வைத்து இரண்டு மணி நேரம் வாரினேன். மறுநாள் வேலைக்குப் போனபோதும் பின்னலுக்குள் இரண்டு கட்டி இருந்தது. பிர்கிட் அதைப் பார்த்துவிட்டு, “குளிர்ந்த தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று ரொட்டி சுடுகிற யாருக்கும் தெரியுமே” என்றாள். எங்கள் வீட்டில் ரொட்டி சுடுவதில்லை என்றேன்.

மானம் போனபிறகுதான் சீயக்காய் ஞாபகம் வந்தது. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் உடனே நெகிழ்ந்துபோக வேண்டாம். எங்கள் வீட்டில் சீயக்காய் கிடையாது. அம்மா ஸ்கூல் டீச்சர். ஞாயிறு காலை சர்ச்சில் முதல் பூசைக்குள் தானும் குளித்து, எங்களையும் குளிப்பாட்டி, சோறும் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஊறவைப்பது, கரைப்பது, கண்ணில் பட்டு எரிகிறது என்று பிள்ளைகள் அலறுவது எல்லாவற்றையும் ஒரு ரூபாய் பாக்கெட் ஒழித்துக் கட்டியது. நான் சீயக்காயைக் கற்றுக்கொண்டது ஜெர்மனியில், செல்போனில், யாரோ ஒரு பெண் போட்ட வீடியோவைப் பார்த்து. ரயிலேறிப் பக்கத்து நகரத்து ஆசியக் கடையில் பழைய பாக்கெட் ஒன்றை வாங்கிவந்தேன். தொட்டி பழுப்பானது, வடிகாலில் மண்டி அடைத்தது, பிர்கிட் முணுமுணுத்தாள். ஆனால் மூன்றாவது குளியலில் எரிச்சல் நின்றது. காதுக்குப் பின்னால் தோல் மூடியது. அன்று கண்ணாடி முன்னால் நின்று கொஞ்சம் அழுதேன்.

சிக்கல் எங்கள் இல்லத்தில் இருந்த ஹெர் ஷ்டோலின் அறையில் வந்தது. இங்கே ‘ஹெர்’ என்றால் திரு, ‘ஃப்ராவ்’ என்றால் திருமதி. எண்பது வயதைத் தாண்டிய விவசாயி அவர், நினைவு தப்பிக்கொண்டிருந்தது. நான் குனிந்து சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும்போது மூக்கை உறிஞ்சி, “மாடுகளுக்குத் தீனி வைத்தாயிற்றா?” என்று கேட்டார். சீயக்காய் வாசனையில் காய்ந்த புல் தெரிந்திருக்கிறது அவருக்கு. வைத்தாயிற்று என்றேன். தினமும் கேட்டார், தினமும் வைத்தாயிற்று. இதை அவருடைய மகள் ஒருநாள் கேட்டுவிட்டாள். அப்பாவை நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தாள். என் தலை வாடையால் அவர் குழம்புகிறார் என்று புகார் எழுதிக் கொடுத்தாள்.

மேற்பார்வையாளர் ஃப்ராவ் கெர்லாக் கதவைச் சாத்திவிட்டு, குரலை உயர்த்தாமல் பேசினார். ஊழியர்கள் மேல் எந்த வாசனையும் இருக்கக் கூடாது என்பது விதி. இது என்னுடைய ‘ப்ரோபெட்சைட்’, அதாவது தகுதி பார்க்கும் ஆறு மாதம். இன்னும் மூன்று மாதம் இருந்தது. அது முடியாமல் வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும். “எல்லோரையும் போல ஷாம்பு போடுங்கள்” என்றார். பிர்கிட்டின் வினிகர் வாடை பற்றி யாரும் எதுவும் எழுதவில்லையா என்று என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அந்த மூன்று மாதமும் ஷாம்பு போட்டேன். தலை மறுபடி வெடித்தது. ஹெர் ஷ்டோல் மாடுகளைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் நான் யார் என்று கேட்க ஆரம்பித்தார். ஆறு மாதம் முடிந்ததும் ஃப்ராவ் கெர்லாக் கைகுலுக்கி வாழ்த்தினார். இனி விழுங்க மாட்டேன் என்று அந்தக் கையைப் பிடித்தபடியே நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் லீவில் திருச்சி வந்தேன். பழைய பாக்கெட் வேண்டாம், நானே அரைப்பேன் என்று ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன். ராஜகோபுரத்துக்குப் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் கொல்லிமலைக் காய் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் நீந்திக் கடையை அடைந்து, இரண்டு கிலோ சீயக்காய், பூலாங்கிழங்கு, வெந்தயம், பச்சைப்பயறு என்று பட்டியலை நீட்டினேன்.

“யாருக்குங்க, மாமியாருக்கா?” என்றார் கடைக்காரர்.

“எனக்குத்தாங்க.”

அவர் என் ஜீன்ஸையும் பின்னலையும் மாறி மாறிப் பார்த்தார். “வெளிநாட்டுல இருக்கீங்களா? அவங்கதாங்க இப்பல்லாம் இதை வாங்குறாங்க.”

புத்தூரில் மொட்டை மாடியில் பழைய சேலையை விரித்துக் காயப்போட்டேன். அம்மா படியேறி வந்து பார்த்தாள். துணி காயப்போட வந்தவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

“நாங்க கஷ்டப்பட்டு விட்டுத் தொலைச்சதை நீ ஏன்டி தூக்கிட்டுத் திரியுற? உன்னை நர்சிங் படிக்கவச்சு ஜெர்மனிக்கு அனுப்புனது சீயக்காய் காயப்போடவா?”

“எனக்கு ஷாம்பு ஒத்துக்கலம்மா.”

“அப்ப முடியை வெட்டு.”

“வெட்ட மாட்டேன்.”

அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு கொடிப் பக்கம் போனாள். அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் வலித்தது. அவளுக்கு ஷாம்பு விடுதலை. அதை வாங்கிக் கொடுத்தவளின் மொட்டை மாடியிலேயே நான் சீயக்காய் காயப்போட்டால் அவளுக்கு எப்படி இருக்கும்? ஆனாலும் மூன்று நாள் காக்கை விரட்டிக் காயவைத்தேன். அவளுடைய மகள்தானே நான், பிடிவாதம் வேறு எங்கிருந்து வரும்.

மாவு மில்லுக்கு எடுத்துப் போனேன். மில்காரர் டப்பாவைத் திறந்து ஒரு காயை எடுத்து முறித்துப் பார்த்தார். சடக்கென்று முறியவில்லை. “இன்னும் ஒரு வெயில் காட்டிட்டு வாங்க. சனிக்கிழமை மட்டுந்தான் சீயக்காய் அரைப்போம். இதுக்குன்னு மிஷின் தனி, எல்லா நாளும் ஓட்டினா கடையில ஒருத்தரும் நிக்க மாட்டாங்க” என்றார். சனிக்கிழமை போனபோது காரணம் புரிந்தது. மிஷின் ஓட ஆரம்பித்ததும் அரிசி மாவுக்கு நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். நான் நகராமல் நின்று தும்மினேன்.

மறுநாள் காலை கார்ப்பரேஷன் குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நேரத்தில், வடித்த கஞ்சியில் அந்தப் பொடியைக் குழைத்துக் குளித்தேன். முடி பட்டாக இருந்தது. அடுத்த முறை எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது. காவிரி நின்று போர் தண்ணீர்தான் மிச்சம். உப்புத் தண்ணீரில் முடி தேங்காய் நாராகிவிட்டது. என் கை தானாக அலமாரியைத் துழாவியது. பிறகுதான் உறைத்தது, நான் வினிகரைத் தேடுகிறேன் என்று. தில்லை நகர்க் கடை ஒன்றில் ஒரு பாட்டில் வாங்கிவந்தேன்.

“சிக்கன் ஊறவைக்கப் போறியா?” என்றாள் அம்மா.

“தலைக்கும்மா.”

பிர்கிட்டை முதல் சனிக்கிழமை நான் எந்தப் பார்வை பார்த்தேனோ, அதே பார்வையோடு அம்மா என்னைப் பார்த்தாள்.

ஜெர்மனிக்குத் திரும்பி வந்து, என் பொடியில் குளித்துவிட்டு வேலைக்குப் போன இரண்டாம் நாளே ஃப்ராவ் கெர்லாக் கூப்பிட்டார். மறுபடியும் அந்த வாசனை என்றார். நான் இந்த முறை கையோடு பொடி டப்பாவை எடுத்துப் போயிருந்தேன். மேசைமேல் வைத்துத் திறந்து, என்னென்ன போட்டேன் என்று சொன்னேன்.

“பயறும் வெந்தயமுமா? இவை சாப்பிடுகிற பொருட்கள் ஆயிற்றே” என்றார்.

“ஆமாம். பிர்கிட் ரொட்டியும் ஊறுகாயும் தேய்க்கிறாள். அவளுடையது இயற்கை என்றால் என்னுடையதும் இயற்கை. அவளுடையது வாடை இல்லை என்றால் என்னுடையதும் இல்லை.”

அவர் டப்பாவை மூடி என் பக்கம் நகர்த்தினார். புகார் கோப்பில் இருக்கிறது, பதிலுக்கு ஏதாவது எழுத்தில் வேண்டும் என்றார். இந்த நாட்டில் கண்ணீருக்கு மதிப்பில்லை, காகிதத்துக்கு உண்டு என்பதை நான் அதற்குள் கற்றிருந்தேன். உறைக்குள்ளிருந்து தோல் டாக்டரின் ‘அட்டெஸ்ட்’டை எடுத்து வைத்தேன். ஷாம்பு போட்ட மூன்று மாதப் புண்ணின் படங்களைக் காட்டி வாங்கிய சான்றிதழ் அது: இவருக்கு ஷாம்பு ஆகாது, இந்தப் பொடியைத் தொடரலாம். ஃப்ராவ் கெர்லாக் அதை இரண்டு முறை படித்து, துளையிட்டு, புகாருக்கு மேலேயே கோத்தார். ஹெர் ஷ்டோலின் மகளிடம் தானே பேசுவதாகச் சொன்னார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அவள் இப்போதும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டியதும் இல்லை. அவளுடைய அப்பா மறுபடி மாடுகளைப் பற்றிக் கேட்கிறார்.

போன வாரம் அம்மா போன் செய்தாள். பேச்சோடு பேச்சாக, “பாத்ரூம்ல உன் ஊறுகாய்த் தண்ணி பாட்டில் அப்படியே நிக்குது, வர்றவங்க எல்லாம் என்னான்னு கேக்குறாங்க. எடுத்துக் கிச்சன்ல வச்சிரவா?” என்றாள். நான் அப்போதுதான் குளித்துவிட்டு வந்து நின்றிருந்தேன். இங்கேயும் பிர்கிட் என் சீயக்காய் டப்பாவைச் சமையலறைக்கு மாற்றலாமே என்று அன்று காலைதான் கேட்டிருந்தாள். இரண்டு நாட்டிலும் ஒவ்வொரு குளியலறை, இரண்டிலும் அந்த வீட்டுக்காரர்கள் முகம் சுளிக்கிற ஒரு பொருள், இரண்டும் என்னுடையது. பிர்கிட்டிடம் சொன்ன பதிலையே அம்மாவிடமும் சொல்லி, கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்.

“அது அங்கேயே இருக்கட்டும்மா. நான் வருவேன்.”