மூட்டை நிறைய பேட்ஸ்மேன்கள்

எங்கள் சித்தப்பா வைத்திருப்பது பரிசுக் கோப்பைக் கடை. கோப்பை என்றால் அவருக்கே புரியாது, கப் கடை. கீழே மார்பிள் கட்டை, அதன்மேல் ஒரு கிண்ணம், உச்சியில் போல்ட்டில் முடுக்கிய தங்க நிறப் பொம்மை. அவ்வளவுதான் தொழில். மனிதர் எந்த விளையாட்டும் ஆடியவர் இல்லை. சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பதே ஓர் உடற்பயிற்சி என்று தள்ளி நிற்பவர். ஆனால் சுற்றுவட்டாரத்தில் எவன் ஜெயித்தாலும் இவர் கைபட்ட கப்பைத்தான் தூக்கியாக வேண்டும்.

அந்த வருஷம் நடுவில் இந்தியா கிரிக்கெட் உலகக் கோப்பையை வாங்கியது. சித்தப்பா டிவி முன்னால் உட்கார்ந்து அழுதார். மகள் பிறந்தபோதுகூட இவர் இப்படி அழவில்லை என்பது சித்தியின் புகார். அழுது முடித்த கையோடு மொத்த வியாபாரிக்குப் போன் போட்டு, பேட்ஸ்மேன் பொம்மை ஒரு மூட்டை சொல்லிவிட்டார். அது வந்து கடை வாசலை அடைத்துக்கொண்டது.

“இனிமே இந்த நாட்டுல எவன் வேற விளையாட்டு ஆடப் போறான்?” என்றார்.

“உங்க பொண்ணு ஆடுறா,” என்றார் சித்தி.

“அது விளையாட்டா? மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் போய் நாலு பேர் கால்ல விழுறது.”

அவர் பெண், அதாவது எங்கள் அக்கா, கபடிக்காரி. ‘கபடி கபடி’ என்று எதிரணிப் பக்கம் பாடிப் போனால் யாரையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். முட்டியில் தோல் இருக்கும் இடத்தைவிட இல்லாத இடம்தான் அதிகம். அப்பாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஒரே ஒரு மேட்ச் வந்து பாருப்பா.” இவர் ஒவ்வொரு முறையும் “அடுத்த தடவை” என்பார். அடுத்த தடவையும் இந்தியா எங்காவது கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும். தான் டிவி முன்னால் இல்லாவிட்டால் நாடு தோற்றுவிடும் என்பது அவர் எண்ணம். இருந்தும் தோற்ற மேட்ச்களை அவர் சேர்த்துக்கொள்வதில்லை.

அதன் பிறகு நாடு அவரைக் கைவிட்டது. ஈட்டி எறிதலில் வெள்ளி வந்தது. தெருவில் பிள்ளைகள் துடைப்பத்தைக்கூட விட்டுவைக்காமல் எறிந்தார்கள். ஒரு பள்ளிக்கூடம் ஈட்டி கப் கேட்டது. சித்தப்பா அசரவில்லை. பொம்மையின் பேட்டை அறுத்தெடுத்துவிட்டு சைக்கிள் ஸ்போக் ஒன்றைச் செருகினார். ஹெல்மெட்டும் பேடும் கட்டிக்கொண்டு ஒருவன் ஈட்டியோடு நின்றான். வாங்க வந்த பி.டி. வாத்தியார் முழித்தார்.

“ஈட்டி எறியறவனுக்கு எதுக்குங்க ஹெல்மெட்?”

“பின்னாடி நிக்கிறவன் சீக்கிரமா எறிஞ்சிட்டா?”

வாத்தியார் வாங்கிக்கொண்டு போனார். ஹாக்கியில் வெண்கலம் வந்ததும் பேட்டின் நுனியை மெழுகுவர்த்தியில் வாட்டி வளைத்தார். நீச்சல் கப்பில் அதே ஆளைக் குப்புறப் படுக்க வைத்து ஒட்டினார். சதுரங்கத்தில் நம்மவர்கள் தங்கம் அடிக்க, தெருவுக்கு ஒரு செஸ் வகுப்பு முளைத்தது. அதற்கு மட்டும் அவர் ஒன்றுமே செய்யவில்லை. “பந்து வர்றதுக்கு முன்னாடி நின்னு யோசிக்கிறான் பாருங்க, அதான் செஸ்,” என்று அப்படியே கொடுத்தார். அதையும் வாங்கினார்கள். பேட் பிடித்தவனுக்கு இருக்கும் மரியாதை அப்படி.

வருஷக் கடைசியில் பெண்கள் கபடிப் போட்டி. கப் ஆர்டர் சித்தப்பாவுக்கு. இறுதி ஆட்டத்துக்கு வந்தது அக்காவின் அணி.

“கப்ல ஒரு கபடிக்காரிய வைப்பா.”

“அந்தப் பொம்மை மார்க்கெட்லயே கிடையாதும்மா.”

“சரி, நீயாவது வா.”

“அன்னைக்கு கிரிக்கெட் இருக்கே.”

அக்கா தட்டைக் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை. கப்புகளை மைதானத்தில் இறக்கிவிட்டு முதல் ஓவருக்குள் வீடு திரும்புவது சித்தப்பாவின் திட்டம். வண்டியை அவர் அணைக்கக்கூட இல்லை. பின்னாலிருந்து சித்தி இறங்குவதற்குள் போட்டி நடத்துகிறவர் ஓடி வந்தார்.

“சார், நல்ல நேரத்துல வந்தீங்க. சீஃப் கெஸ்ட் வரலை. நீங்கதான் பரிசு கொடுக்கணும்.”

“ஏன் வரலை?”

“வீட்ல கிரிக்கெட் பார்க்கிறாராம்.”

“சே, பொறுப்பில்லாத ஆளு,” என்றார் சித்தப்பா.

“ஆமாமா, அந்த மாதிரி ஆளுங்களை என்னதான் பண்றது?” என்றார் சித்தி.

அதற்குமேல் அவரால் ஓட முடியவில்லை. மைதானத்திலேயே ஒரே ஒரு சோபா, அதில் உட்கார்த்திவிட்டார்கள். முதலில் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எடுத்து ஸ்கோர் பார்த்தார். அப்போது அக்கா பாடிப் போனாள். ஒருத்தியைத் தொட்டாள். திரும்புவதற்குள் மூன்று பேர் அவள்மேல் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து நடுக்கோட்டை நோக்கி மண்ணைப் பிராண்டியது. சித்தப்பா எழுந்து சோபாமேலேயே ஏறி நின்றுவிட்டார்.

“இன்னும் கொஞ்சம்மா! நீட்டு, நீட்டு! அம்பயர், அது எல்பிடபிள்யூ!”

விரல் கோட்டுக்கு முன்னாலேயே நின்றுபோனது. விசில். ஒரே ஒரு பாயிண்ட்டில் தோல்வி.

மைக்கில் கூப்பிட்டார்கள். இரண்டாம் பரிசு கப்பைச் சித்தப்பா கையில் எடுத்தார். உச்சியில் பேட் அறுபட்ட பேட்ஸ்மேன். கபடிக்கு அதுவே போதும் என்று விட்டிருந்தார். வெறுங்கையோடு ஹெல்மெட் போட்டு நின்ற அவன், பஸ்ஸைத் தவறவிட்டவன்போல் இருந்தான். எதிரே அக்கா, தலைமுடியெல்லாம் மண், முழங்கையில் ரத்தம். அவள் பொம்மையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

சித்தப்பா கப்பைக் கொடுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் பொம்மையின் கழுத்தைப் பிடித்துத் திருகினார். கழன்று வந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போல்ட் மட்டும் நீட்டிக்கொண்டிருந்த கப்பை நீட்டினார்.

“சார், பொம்மை?” என்றார் போட்டிக்காரர்.

“அது இவ இல்லைங்க.”

அக்கா கப்பை வாங்கிக்கொண்டு, “இந்தியா என்னாச்சுப்பா?” என்றாள்.

“தெரியலைம்மா. கை எரியுதா?”

கப் இப்போது அவர்கள் வீட்டு டிவி முன்னால் மொட்டையாக நிற்கிறது. மேட்ச் பார்க்கும்போது தலையைச் சாய்த்துத்தான் ஸ்கோர் பார்க்க வேண்டும். யாரும் அதை நகர்த்தக் கூடாதாம். கடையில் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து சித்தப்பா பேட்ஸ்மேன்களை ஒவ்வொருவனாக வாட்டி வளைத்துக்கொண்டிருக்கிறார். மூட்டை பாதியாகிவிட்டது. ஒன்றும் அக்கா மாதிரி வரவில்லை. ஒன்று மட்டும் கொஞ்சம் என் சாடையில் வந்தது. அதைக் கேரம் கப்பில் முடுக்கி விற்றுவிட்டார்.