தலைதீபாவளிக்குக் கேட்ட விடுப்பு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் மேலாளராக இருந்த தொண்ணூறுகளில், தீபாவளியன்று கொதிகலனைக் கவனிக்க ஆண்டுதோறும் ஒருவரே முன்வருவார். கடவுள் இல்லை என்பவர். எந்நாளும் கருப்புச் சட்டை. ஓராண்டு அவரே விடுப்புக் கேட்டு வந்து நின்றார்.

"இன்னா அண்ணாத்தே, சாமி கண்ண தொறந்துட்ச்சா?" என்று சக தொழிலாளி சீண்டினார்.

அவர் என்னிடமே பேசினார். "பொண்ணுக்குத் தலைதீபாவளி சார். சம்பந்தி ஊட்ல பக்திக்காரங்க. நான் இல்லேன்னா, சாமி கும்புடாதவன் பொண்ணுன்னு அதத்தான் குத்திக் காட்டுவாங்க."

விடுப்பு அளித்தேன். தீபாவளியன்று மாற்றாளை நம்ப மனமின்றி நானும் ஆலைக்குச் சென்று, கொதிகலனைச் சுற்றி நிலைகொள்ளாமல் நடந்தேன்.

மறுநாள் அதே கருப்புச் சட்டையில் வந்தவரிடம், "பூஜையில விளக்கு ஏத்தினீங்களா?" என்று கேட்டேன்.

"பொண்ணு ஏத்துச்சு சார். நான் தீப்பெட்டிய எடுத்துக் குட்த்தேன்."

அவர் வளைந்துகொடுத்தாரா இல்லையா என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க இயலவில்லை.