சந்தில் பொங்கிய பால்

விலை கேட்டதும் திரும்பி நடையைக் கட்டுவது பக்கிரிசாமி மாமாவின் வழக்கம். பசாரில் மீன்காரர் கூப்பிடும்வரை திரும்பமாட்டார். பெரும்பாலும் கூப்பிட்டுவிடுவார்கள்.

தொழிற்சாலை வேன் ஓட்டிய அவர், 1984இல் பாயான் பாருவில் யோகம்மாவின் வரிசை வீட்டை விலை பேசிக்கொண்டிருந்தார்; யோகம்மா எழுபதாயிரம் வெள்ளி சொல்லியிருந்தார். வாங்கினால் அதுதான் மாமாவுக்கு முதல் சொந்த வீடு. கணவரை இழந்த யோகம்மா ஈப்போவிலிருந்த மகளிடம் போகவிருந்தார். விலை படியவில்லை, அதற்குள் ஆடி நெருங்கிவிட்டது. ஆடியில் பால் காய்ச்சக் கூடாதே! மாமா சாவியை இரவல் வாங்கி, நல்லம்மாள் அத்தையோடு போய்ப் பால் காய்ச்சிவிட்டார்.

சர்வேயர் அதற்குப் பிறகுதான் வந்தார். அவருடைய ஆங்கிலத்தை மொழிபெயர்க்க, குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான் போயிருந்தேன். சமையலறை எல்லைக்கல்லைத் தாண்டி, மூன்றடி பின்சந்தில் நின்றது. நகராண்மைக் கழகம் எப்போது வேண்டுமானாலும் இடிக்கலாம்.

“அக்கா, அடுப்பே ஜாலான்ல, ரோட்டுலதான் இருக்கு லா. அஞ்சாயிரம் கொறைங்க,” என்றார் மாமா.

“பத்து வருசமா அந்த ஜாலானிலதான் தம்பி நான் சமைச்சனான். ஒருத்தரும் வந்து இடிக்கேல்லை.”

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை நடந்தார். யோகம்மா கூப்பிடவில்லை.

“பால் பொங்கின வீட்டை விட்டிட்டு எங்க போகப்போறியள்?” என்று மட்டும் கேட்டார்.

“திரும்பி வாங்க,” என்றார் அத்தை. “பொங்குன வீட்டுக்கு முதுகு காட்டக் கூடாது.”

நான் குறுக்கிட்டேன். “மாமா, அடுப்பு சந்துலதானே இருக்கு? அப்போ பால் வீட்டுல பொங்கல. நீங்க தாராளமாப் போகலாம்.”

“படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?” அத்தை கொதித்தார். பட்டம் இதற்குத்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் யோகம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

“இந்தப் பிள்ளையின்ர வாய்க்காக ஆயிரம் குறைக்கிறன். ஆனா முறையாக் குடிபுகுந்து எனக்கு விருந்து போடவேணும்.”

“அந்தச் சுவர இடிச்சு உள்ள தள்ளிக் கட்டுனதும் மொத எல ஒங்களுக்குத்தான் அக்கா.”

சுவரை இடிக்க நகராண்மைக் கழகமும் வரவில்லை, மாமாவும் அவசரப்படவில்லை; விருந்தும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கடைசிவரை சந்தில் சமைத்து வீட்டில் சாப்பிட்டார்.

போன மாதம் அவருடைய சாவுக்கு, தள்ளாத வயதிலும் யோகம்மா ஈப்போவிலிருந்து வந்தார். சமையலறைச் சுவரை எட்டிப் பார்த்தார்.

“இன்னும் நிக்குது,” என்றார்.

துக்க வீடு என்பதால், தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினார்.